நீர்யானை வாய் திறந்த ஞாயிற்றுக்கிழமை

ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. கொழும்பில் நான் இருபத்தைந்து வருடம் வேலை செய்த ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து போன வாரம் ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். காட்டு விலங்குகளின் படங்களுக்குச் சிரிப்புக் குரல் கொடுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் என் கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். குரலில் அழுகையும் கோபமும் சரிபாதி.

"அண்ணை, புதுசா ஒரு ஒழுங்கு வந்திருக்கு. மிருகங்கள் கதைக்கிறதை எல்லாம் முதலே எழுதி, சட்டத்தரணியிட்டைக் குடுத்துக் கையெழுத்து வாங்கோணுமாம். குரங்கு கொட்டாவி விட்டாலும் எழுதோணுமாம். நீங்கள் எண்டால் என்ன செய்வியள்?"

"செய்தனான்" என்றேன்.

"என்ன செய்தனீங்கள்?"

தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமல்ல, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுதித் தா என்றவர்களோடு முட்டிய கதையை எழுதித் தருவதில் உள்ள பகிடி பிறகுதான் உறைத்தது. பரவாயில்லை. இதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை.

என் தகைமைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உயர்தரப் பரீட்சையில் விலங்கியல் பாடத்தை இரண்டு தரம் கோட்டை விட்டவன். முதல் தரம் தேரையின் நரம்பைத் தேடிப் போய் குடலை அறுத்தேன். இரண்டாம் தரம் நரம்பு கிடைத்தது, தேரைதான் தொலைந்தது. வெட்டத் தேவையில்லாத விலங்குகளோடு மட்டும் இனிமேல் பழகுவது என்று முடிவெடுத்துக்கொண்டு, எண்பத்தேழில், நீர்வேலியில் கனகர் அண்ணையின் வீடியோக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கசெற் திருப்பிச் சுற்றுவது, வீடியோ டெக்கின் தலையை ஓடிக்கலோன் தொட்ட வேட்டித் துண்டால் துடைப்பது, கலியாண வீடுகளுக்கு ரீவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவது. மூன்று வருடப் பயிற்சி இவ்வளவுதான்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்க, மின்சாரம் நின்றது. குடாநாடு முழுவதும் இருட்டு. கனகர் அண்ணை அசையவில்லை. கலியாணங்களுக்கு ஒலிபெருக்கி கட்டிய காலத்து ஜெனரேற்றரை வெளியில் எடுத்து, மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கினார். ஆனால் கடையில் இருந்த சினிமாக் கசெற்றுகள் ஓடி ஓடித் தேய்ந்து, கதாநாயகிகள் மழையில்லாத காட்சியிலும் மழையில் நின்றார்கள். லண்டனில் இருந்த மச்சானுக்குச் சொல்லி அனுப்பினார்: ரீவியில் போகிற நல்ல படங்களாகப் பார்த்துப் பதிந்து அனுப்பு. மச்சான் இரவு வேலைக்குப் போகிறவர். தானாகப் பதிவதற்கு டெக்கின் மணிக்கூட்டைச் சரியாக வைத்தார், அலைவரிசையைப் பிழையாக வைத்தார். யார் யாரோ கைமாறிக் கடல்நீரேரி கடந்து வந்து சேர்ந்த ஏழு கசெற்றுகளிலும் நீர்யானைகள், நாரைகள், சிங்கங்கள், பென்குயின்கள். பின்னால் ஒரு வெள்ளைக்காரர் மெல்லிய குரலில், கோயிலுக்குள் கதைப்பதுபோல, விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கனகர் அண்ணை ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்து பார்த்தார். மச்சானைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"உதுகளுக்கு ஒருத்தரும் தடை போடமாட்டினம்" என்றார் கடைசியில். "உடுப்பில்லாமல் நிண்டாலும் கேள்வியில்லை. கதைதான் இல்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர் கடைக்கு வாற ஆக்களைப்போலை கதைச்சுக் காட்டுறனீர் எல்லே? நான் இல்லை எண்டு நினைச்சு?"

அப்படித்தான் எனக்குத் தொழில் கிடைத்தது.

கனகர் அண்ணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சிரிப்பை வைத்துப் பிழைத்த அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை. பல்லும் தெரியாது. முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். மைக்கை ஒருநாளும் வாயால் ஊதிச் சோதிக்கமாட்டார். நகத்தால் மூன்று தரம் தட்டிவிட்டு என்னிடம் நீட்டுவார். படம் ஓடும்போது படத்தைப் பார்ப்பதில்லை. கதவடியில் நின்று சனத்தின் முதுகைப் பார்ப்பார். முகத்தால் சிரிப்பவன் மரியாதைக்குச் சிரிக்கிறான், உண்மையான சிரிப்பு தோளில்தான் தெரியும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. முதல் காட்சி முடிந்து நான் பாராட்டுக்குக் காத்திருந்தபோது, "மூண்டு இடத்திலை தோள் ஆடேல்லை" என்றார். மூன்றையும் சொன்னார். மூன்றும் சரி.

அவர் போட்ட சட்டங்கள் இரண்டு. ஒன்று, வாய் அசையும்போது மட்டும் கதை. முதுகு காட்டி நிற்கிற மிருகத்துக்கு வசனம் இல்லை. இரண்டு, எந்த மிருகமும் செய்தி சொல்லக்கூடாது. "செய்தி சொல்ல றேடியோ இருக்கு. மாடு மாட்டின்ரை வீட்டுக் கதையைக் கதைக்கட்டும்." எத்தனையோ வருடம் கழித்துக் கொழும்பில் எனக்கு வகுப்பெடுக்க வந்த நிபுணர் ஒருவர் இதைவிடக் கூடுதலாக ஒன்றும் சொல்லவில்லை.

வேலை நடந்த முறை இது. கசெற்றைச் சத்தமில்லாமல் மூன்று தரம் ஓடவிட்டுப் பார்ப்பேன். டெக்கின் முகப்பில் ஓடுகிற எண்களைப் பார்த்துக் கொப்பியில் குறிப்பேன்: 214 வாய். 231 வாய். 240 முதுகு. 262 காது மட்டும். வசனம் ஒன்றும் எழுதுவதில்லை. அது அன்றைக்கு வந்திருக்கிற சனத்தைப் பார்த்துத்தான் வரும். படம் ஓடும்போது வெள்ளைக்காரரின் சத்தத்தை முழுதாகக் குறைப்போம். அவரோடு சிங்கத்தின் உறுமலும் போய்விடும். ஆகவே உறுமலையும் நானே செம்புக்குள் வாயை வைத்து உறுமினேன். ரீவிக்கு ஒரு பக்கத்தில் உமி மூட்டை மேல், கழுத்தைத் திருப்பியபடி இரண்டு மணித்தியாலம் இருப்பேன். இன்றைக்கும் என் கழுத்து ஒரு பக்கம்தான் ஒழுங்காகத் திரும்பும். வைத்தியர் வயது என்கிறார். நான் நீர்யானை என்கிறேன்.

காட்சி நடந்த இடம் டீசல் இல்லாமல் பூட்டிக் கிடந்த அரிசி மில். ஞாயிறு பின்னேரம் மூன்று மணி. யன்னல்களுக்குச் சாக்குத் தொங்கவிட்டால் உள்ளே நல்ல இருட்டு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் உரித்த நெல்லின் மணம். விமானச் சத்தம் கேட்டால் கனகர் அண்ணை ஜெனரேற்றரை நிறுத்துவார். எல்லோரும் பின்னால் இருந்த பதுங்கு குழிக்கு ஓடுவோம். சத்தம் போனபின் திரும்பி வந்து, கொப்பியைப் பார்த்து, விட்ட எண்ணுக்குக் கசெற்றைத் திருப்பித் தொடங்குவோம். சனம் உள்ளே வரும்போதே கேட்பது மான் தப்பிவிட்டதா என்றுதான்.

செத்த வீடு நடக்கிற ஊரில் சிரிப்புக் காட்டுகிறான் என்று என்னைப் பேசியவர்கள் உண்டு. அவர்களுக்கு அன்று சொன்ன பதிலையே இன்றும் சொல்கிறேன்: அந்த மில்லுக்குள் வந்த எல்லோர் வீட்டிலும் அழுவதற்கு ஏதோ ஒன்று இருந்தது. அதற்கு அவர்களுக்கு என் உதவி தேவைப்படவில்லை.

என் அம்மாவும் ஒவ்வொரு ஞாயிறும் வருவா. பெண்கள் பக்கத்தில் தூணடியில் இருப்பா. அவவின் தோள் ஆடினதாகக் கனகர் அண்ணை ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து சோறு போடும்போது, "இண்டைக்குத் தொண்டை அடைச்சுக் கிடந்தது, கொத்தமல்லி குடி" என்பா. விமர்சனம் அவ்வளவுதான்.

எல்லா மிருகங்களிலும் சனத்துக்குப் பிடித்தது நீர்யானையாரின் குடும்பம். நாளடைவில் அது ஒரு தொடர்கதையாகிவிட்டது. நீர்யானையார் எந்த வீட்டிலும் இருக்கிற பெரியவர். நன்மை தின்மைக்கு அவரிடம் முறைப்படி சொல்லாமல் விட்டால் போச்சு. தண்ணீருக்குள் போய் மூக்கு மட்டும் தெரியக் கோபித்துக்கொண்டு கிடப்பார். யாராவது வந்து சமாதானம் சொல்லிக் கூப்பிடவேண்டும். பிறகு தலையைத் தூக்கி, 214இல் மில் கதவு போல வாயைத் திறப்பார். அப்போது நான் சொல்வது ஒரே ஒரு வசனம்:

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனியளோ?"

அவர் முதுகில் ஒரு சிறு குருவி நிற்கும். அது அவருடைய மச்சான். மூன்று வினாடிக்கு ஒருதரம் அலகைத் திறந்து, "ஓம் அத்தான், ஓம் அத்தான்" என்னும்.

இனி அந்த வழக்கு.

எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. நேரில் சொல்லச் சங்கடமானதைப் பெட்டிசமாக எழுதுவது. பெயர் போடாமல், கையெழுத்துப் பிடிபடாதிருக்க இடக்கையால் எழுதி, 'உண்மை விளம்பி' என்று முடிப்பது. தொண்ணூற்றிரண்டில் ஒரு புதன்கிழமை, ஊர்க்குழு என்னை வாசிகசாலைக்குக் கூப்பிட்டது. மில்லின் உரிமையாளர் கொழும்புக்குப் போகும்போது சாவியை அந்தக் குழுவிடம்தான் கொடுத்திருந்தார். தலைவர் சபாரத்தினத்தார், ஓய்வு பெற்ற பெரிய கிளாக்கர். நல்ல மனிதர், நேர்மையானவர். கையெழுத்துப் போடாமல் ஒரு நாள் கழிந்தால் அவருக்குச் சாப்பாடு செமிக்காது.

மேசையில் ஐந்து பெட்டிசங்கள் விரித்திருந்தன.

"தம்பி, உந்த நீர்யானை ஆர்?" என்றார்.

"நீர்யானைதான் ஐயா."

"பகிடி விடாதையும். அஞ்சு பேர் எழுதியிருக்கினம். தங்களைத்தான் நீர் பழிக்கிறீராம்."

"அஞ்சு பேரும் ஒரே நீர்யானையோ ஐயா?"

பக்கத்தில் இருந்த குழு உறுப்பினர் இருமினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு என் கொப்பியைக் கேட்டு வாங்கினார். புரட்டப் புரட்ட முகம் மாறியது. பக்கம் பக்கமாக எண்கள். அந்தக் காலத்தில் எண்கள் நிறைந்த கொப்பியோடு பிடிபடுவது நல்ல விஷயமல்ல.

"இருநூற்றிப் பதிநாலு வாய். இருநூற்றி நாப்பது முதுகு. இதென்ன குறியீடு?"

"கொட்டாவி ஐயா."

"ஆருக்கு அனுப்புற கொட்டாவி?"

விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் பிடித்தது. கடைசியில் கொப்பியைத் திருப்பித் தந்தார். ஆனால் கேள்வியை விடவில்லை. நீர்யானை யார் என்று சொல்லும், சம்பந்தப்பட்டவரிடம் ஒரு மன்னிப்புக் கேளும், விஷயம் முடிந்தது என்றார்.

முடிந்திருக்கும்தான். ஏனென்றால் நீர்யானை என் அப்பா. அக்காவின் கலியாணத்தன்று குடும்பப் படம் எடுக்கிற நேரத்தைத் தன்னிடம் ஒருவரும் சொல்லவில்லை என்று மாட்டுக்கொட்டிலுக்குள் போய் நின்றவர். மாப்பிள்ளையின் தகப்பன் நேரில் வந்து கூப்பிடும்வரை வெளியே வரவில்லை. அந்தப் படத்தில் எல்லோரும் பட்டுடுத்தி நிற்க, அப்பாவின் வேட்டியில் வைக்கோல் தெரியும். எண்பத்தெட்டில் நெஞ்சு வலி வந்து செத்துப்போனார். அதையும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

"என்ரை அப்பா ஐயா" என்று சொல்லியிருந்தால் பெட்டிசக்காரர் ஐந்து பேரும் ஆறியிருப்பார்கள், மில் சாவியும் கிடைத்திருக்கும். சொல்லவில்லை. வீரம் என்று நினைக்கவேண்டாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இன்றைக்கு நீர்யானைக்குப் பதில் சொன்னால் நாளைக்கு நாரைக்குச் சொல்லவேண்டும், நாளையின்றைக்குப் பென்குயினுக்கு. அதோடு அப்பாவை அந்த மேசையில், இடக்கைக் கடிதங்களுக்கு நடுவில் வைக்க எனக்கு மனமில்லை.

"சொல்லமாட்டன் ஐயா" என்றேன்.

"அப்ப இனி முழு வசனமும் எழுதித் தாரும். நான் பாத்துக் கையெழுத்து வைப்பன். அதைத்தான் வாசிக்கோணும். இல்லாட்டில் மில் திறபடாது."

வெளியில் சைக்கிளோடு நின்ற கனகர் அண்ணையிடம் சொன்னேன். அவருக்கு வேறு இடமும் இல்லை, வேறு தொழிலும் இல்லை. யோசித்துவிட்டு, "எழுதிக் குடும்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். இதை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். ஓர் இரவு குப்பி விளக்கில் இருந்து, அழகான எழுத்தில், மிருகம் மிருகமாகப் பிரித்து எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்த கையால் கும்பிட்டும் வைத்தேன்.

சனிக்கிழமை தாள் திரும்பி வந்தது. சிவப்பு மையில் திருத்தம். 'நீர்யானையார்' என்று இருந்த இடமெல்லாம் 'ஒரு விலங்கு'. குருவியின் 'ஓம் அத்தான்' முழுவதும் வெட்டு, ஓரத்தில் 'உறவுமுறை தவிர்க்கப்படவேண்டும்' என்ற குறிப்பு. 214இல் வாய் திறக்கும் இடத்தில் என் வசனம் வெட்டப்பட்டு, வடிவான கிளாக்கர் எழுத்தில் இப்படி இருந்தது: 'அன்புடையீர், இவ்விடயம் குறித்து என்னுடன் கலந்தாலோசிக்கப்படாமையையிட்டு மனவருத்தம் அடைகின்றேன்.' அடியில் கையெழுத்து, திகதி, முத்திரை.

கனகர் அண்ணை வாசித்தார். மடித்து என்னிடம் தந்தார்.

"தோள் ஆடாது" என்றார்.

அன்றிரவு அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். நீர்யானை வாய் திறந்திருப்பது ஆறு வினாடி. அதற்குள் 'கலந்தாலோசிக்கப்படாமையையிட்டு' வரை போவதற்கே மூச்சு முட்டியது. எனக்கு வந்த கோபம் பெரிய கொள்கைக் கோபமல்ல. ஆறு வினாடியில் அடங்காத ஒன்றை என் வாய்க்குள் திணிக்கிறார்களே என்ற கோபம். ஆனால் கோபம் எங்கிருந்து வந்தாலும் கோபம்தான்.

ஞாயிறு மூன்று மணிக்கு மில் நிறைந்திருந்தது. பெட்டிசக்காரர் ஐந்து பேரும் வந்திருந்தார்கள். ஐவரும் யார் என்று ஊருக்கே தெரியும், இடக்கை எழுத்துக்கும் சாடை உண்டு. சபாரத்தினத்தார் வாசிகசாலைக் கதிரை ஒன்றைத் தானே தூக்கி வந்து முன்வரிசையில் போட்டு, தாளின் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அம்மா தூணடியில். கனகர் அண்ணை மைக்கை மூன்று தரம் தட்டி என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கினேன். "இண்டைக்கு மிருகங்கள் தாங்களே கதைக்கும்" என்று சொல்லிவிட்டு, மைக்கை உமி மூட்டை மேல் வைத்தேன். அதன்மேல் சிவப்பு மைத் தாளை வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு எழும்பி நின்றேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கனகர் அண்ணையைப் பார்த்தேன். அவர் நினைத்திருந்தால் ஒரு சொல்லோடு படத்தை நிறுத்தியிருக்கலாம். ஒலிபெருக்கிப் பெட்டியின் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிட்டு, வழக்கம்போலக் கதவடிக்குப் போனார்.

படம் ஓடியது. நாரைகள் வாயைத் திறந்து மூடின. ஒன்றும் கேட்கவில்லை. வெளியில் ஜெனரேற்றர் மட்டும் குடுகுடுத்தது. சனம் முதலில் என்னைப் பார்த்தது, பிறகு ஒருவரையொருவர் பார்த்தது. பிழையான முடிவெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு இந்தக் கதவு திறக்காது, கனகர் அண்ணையின் அடுப்பும் எரியாது. 190. 200. நீர்யானை தண்ணீருக்குள் மூக்கு மட்டும் தெரியக் கிடந்தது. 210. தலையைத் தூக்கியது. 214. வாய் திறந்தது.

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனியளோ?"

பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. தூணடியிலிருந்து. உரத்த குரலல்ல. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்து கேட்ட வசனத்தை, கேட்டபடியே எடுத்துச் சொன்ன குரல்.

குருவி அலகைத் திறந்தது. ஆண்கள் பக்கம் யாரோ ஒருவர், "ஓம் அத்தான்" என்றார். அடுத்த தரம் பத்துப்பேர். அதற்கடுத்த தரம் தகரக் கூரை அதிர்ந்தது. நாரைகளுக்கு ஒரு கிழவி கதைத்தாள், முதலைக்குச் சங்கக்கடை மனேச்சர் கதைத்தார். செம்பு இல்லாமலே நாலு பேர் உறுமினார்கள்.

சபாரத்தினத்தார் தாளோடு எழுந்து சனத்தின் பக்கம் திரும்பினார். ரீவி வெளிச்சம் பின்னாலிருந்து அடிக்க, கையை உயர்த்திக் கத்தினார்:

"ஆர் உது? என்னட்டை ஒரு வார்த்தை கேக்காமல் ஆர் கதைச்சது?"

சத்தம் நின்றது. அவருக்கே கேட்டுவிட்டது. வாயை மூட மறந்து நின்றார். அந்த நிசப்தத்துக்குள் மில் முழுவதும், ஆணும் பெண்ணும், ஒரே குரலாக:

"ஓம் அத்தான்!"

பெட்டிசக்காரர் ஐந்து பேருடைய முகத்திலும் அப்போது வந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன். நீர்யானை யாரென்று தெரிந்துவிட்டது. தாங்களில்லை. கதவடியைப் பார்த்தேன். கழுத்துவரை பூட்டிய முழுக்கைச் சட்டைக்குள் இரண்டு தோள்கள் ஆடிக்கொண்டிருந்தன.

தலைவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார். ஒருவரும் கூவவில்லை, வழிவிட்டார்கள். இனி விசாரணை என்றால் அந்த மில்லுக்குள் இருந்த முழுச் சனத்தையும் வாசிகசாலைக்குக் கூப்பிடவேண்டும், அவ்வளவு கதிரை அங்கே இல்லை. அடுத்த சனிக்கிழமை மில் சாவி ஒரு சொல்லும் இல்லாமல் கடைக்கு வந்து சேர்ந்தது. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பிப் போகும்வரை அங்கே காட்சி நடந்தது. அந்த ஓட்டத்தில் கொப்பியும் தொலைந்தது. எண்கள் எனக்கு இன்னும் பாடம்.

பிள்ளை, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். எழுதிக் கொடுக்காதே. ஏற்கெனவே கொடுத்துவிட்டாய் என்றால் நானும் கொடுத்தவன்தான், வெட்கப்படாதே. திரும்பி வருகிற தாளை ஆறு வினாடிக்குள் சொல்லிப் பார். மூச்சு முட்டினால் மைக்கைக் கீழே வை. உனக்கு முன்னால் எத்தனை வாய் இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் தெரியும்.

அன்றைக்கு வாழைத் தோட்டங்களுக்கு நடுவால் அம்மாவைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஏதாவது சொல்லுவா என்று பார்த்தேன். நீர்யானை அப்பாதான் என்று எப்போதிருந்து தெரியும் என்று நானும் கேட்கவில்லை. ஒழுங்கை திரும்புகிற இடத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கொப்பர் உப்பிடி இழுத்துக் கதைக்கமாட்டார். நீ இழுக்கிறாய். சட்டெண்டு கேக்கோணும்."

அடுத்த ஞாயிற்றிலிருந்து சட்டென்று கேட்டேன். என் தொழிலில் நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட திருத்தம் அது ஒன்றுதான்.